ஜோட்டெரோ: தமிழ் ஆய்வேட்டுக்குத் தாக்குப்பிடிக்குமா?

துணைநூற்பட்டியலை ஆய்வேடு கொடுக்கிற மாதத்தில் உட்கார்ந்து தட்டுவதுதான் இன்னும் நம்மிடம் நடைமுறை. பக்க எண் குறிக்காத நோட்டு, எந்தப் பதிப்பு என்றே தெரியாத செராக்ஸ், முகப்புப் பக்கம் இல்லாத பி.டி.எஃப். எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். இந்தத் தலைவலிக்கு மருந்தாக ஆய்வு முறையியல் வகுப்புகளில் அடிக்கடி காதில் விழும் பெயர் ஜோட்டெரோ: நூல் விவரங்களைச் சேர்த்து வைத்து, மேற்கோள் குறிப்பையும் நூற்பட்டியலையும் தானே போட்டுத் தரும் மென்பொருள். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் சுற்றியுள்ள கல்லூரிகளிலும் ஆங்கிலத்தில் எழுதும் வேதியியல், வணிகவியல் மாணவருக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். தமிழிலோ வரலாற்றிலோ எழுதுபவருக்கும் சொல்லலாம், ஆனால் கண்ணை நன்றாகத் திறந்துவைத்துக்கொண்டு.

அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்து வரலாற்று மையம் ஒன்று 2006இல் வெளியிட்ட இலவச, திறமூல மென்பொருள் இது. வரலாற்றுக்காரர்கள் கையில் பிறந்ததால் ஆவணம், கடிதம், நேர்காணல், கையெழுத்துப் பிரதி என்று ஆதார வகைகள் தாராளமாக இருக்கின்றன. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கூடவே, இணையப் பக்கத்திலிருந்து நூல் விவரத்தை எடுத்துத் தரும் 'கனெக்டர்' ஒன்றைப் பிரவுசரில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேர்டுக்கான இணைப்பு தானாகவே உட்கார்ந்துவிடும். லிப்ரே ஆஃபீஸ் வைத்திருப்பவர் ஜாவாவும் போட வேண்டியிருக்கலாம். இதைச் செய்யாமல் "டூல்பாரே வரவில்லை" என்று புலம்புபவர்கள் அநேகம்.

வேர்டிலேயே 'ரெஃபரன்சஸ்' இருக்கிறதே, இது எதற்கு? அங்கே போய் மேற்கோள் நடைகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கத்து விதி) ஆறாம் பதிப்பு, எம்.எல்.ஏ. (நவீன மொழிச் சங்கத்து விதி) ஏழாம் பதிப்பு என்று இருக்கும். ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பு 2019 கடைசியில் வந்துவிட்டது, எம்.எல்.ஏ. ஒன்பது 2021இல். நெறியாளர் ஏழு கேட்டு நீங்கள் ஆறைக் கொடுத்தால் திரும்பி வரும். இதே வேலை செய்யும் மற்ற மென்பொருள்களில், மெண்டலேயின் பழைய டெஸ்க்டாப் மென்பொருளை 2022இல் நிறுத்திவிட்டார்கள். எண்ட்நோட் காசு கேட்கும். ஜோட்டெரோவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நடைகளை இறக்கிக்கொள்ளலாம். போட்டி அதோடு முடிந்தது.

இனி தமிழ்ப் புத்தகத்துக்கு வருவோம். ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தட்டினால் விவரம் தானே வந்து விழும் என்பது இதன் பெரிய கவர்ச்சி. ஆங்கிலப் புத்தகத்துக்கு விழும். தமிழ்ப் புத்தகத்துக்கு மூன்றில் ஒன்று நடக்கும்: ஒன்றுமே கிடைக்காது, அல்லது விலை, அட்டை வகையோடு குப்பையாக வரும், அல்லது அமெரிக்க நூலகப் பட்டியலிலிருந்து ரோமன் எழுத்தில், எழுத்துக்கு மேலும் கீழும் கோடும் புள்ளியுமாக வரும். மூன்றாவதுதான் ஆபத்து, ஏனென்றால் பார்க்க அழகாக இருக்கும். தமிழ் ஆய்வேட்டில் அது அப்படியே அச்சேறினால் ஒரே ஆசிரியர் ஓரிடத்தில் தமிழிலும் இன்னோரிடத்தில் ரோமனிலும் நிற்பார். பட்டியலில் இரண்டு பேராக எண்ணப்படுவார். இரட்டைப் பதிவு காட்டும் 'டூப்ளிகேட் ஐட்டம்ஸ்' பகுதியும் இதைப் பெரும்பாலும் கண்டுபிடிக்காது. இரண்டு பதிவிலும் ஐ.எஸ்.பி.என். இல்லையென்றால் அது தலைப்பைத்தான் ஒப்பிடுகிறது, இங்கே தலைப்பு இரண்டு லிபியில் கிடக்கிறது.

ஆகவே தமிழ் நூலைக் கையால் ஏற்றுவதே உத்தமம். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அட்டையைப் பார்க்காமல் உள்பக்கத்தைப் பாருங்கள். அட்டையில் இருக்கும் தலைப்பும் உள்ளே இருக்கும் தலைப்பும் பல நூல்களில் ஒன்றாக இருக்காது. ஆசிரியர் பெயரில் முதற்பெட்டி குடும்பப் பெயருக்கு, அடுத்தது இயற்பெயருக்கு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. முதற்பெட்டியில் 'வரதராசன்', அடுத்ததில் புள்ளியோடு 'மு.' என்று போடுவதுதான் நம் பட்டியல் மரபுக்குப் பொருந்தும். தலைப்பெழுத்தை எல்லாப் பதிவிலும் ஒரே மாதிரி அடிக்க வேண்டும். ஓரிடத்தில் 'மு.', இன்னோரிடத்தில் புள்ளி விட்டுப்போன 'மு' என்றிருந்தால் மென்பொருள் இருவர் என்று முடிவுகட்டி, வாக்கியத்துக்குள் வரும் குறிப்பில் திடீரென்று தலைப்பெழுத்தைச் சேர்த்துவிடும். "மற்ற இடத்தில் வெறும் பெயர், இங்கே மட்டும் ஏன் இனிஷியல்?" என்ற குழப்பத்துக்கு அநேகமாக இதுதான் காரணம்.

அரசு, நிறுவனம், கழகம் போன்றவற்றுக்குப் பெயரை ஒற்றைப் பெட்டியாக மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பெட்டியில் பிரித்துப் போட்டால் 'தமிழ்நாடு அரசு' என்பது 'அரசு, தமிழ்நாடு' ஆகி, யாரோ தமிழ்நாடு என்பவர் எழுதிய நூல் போல நிற்கும். சிலர் ஆள் பெயரையும் ஒற்றைப் பெட்டியில் 'வரதராசன், மு.' என்று அடிக்கிறார்கள். பட்டியலில் சரியாகத்தான் வரும். ஆனால் வாக்கியத்துக்குள்ளும் தலைப்பெழுத்து ஒட்டிக்கொண்டே வரும். எதைத் தேர்ந்தாலும் ஐந்தாறு நூலை ஏற்றியதும் சோதனைப் பட்டியல் ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டு மேலே போங்கள். முந்நூறு நூல் ஏற்றிய பிறகு திருத்துவது வேறு கதை.

யாரும் தொடாத பெட்டி 'லாங்குவேஜ்'. தமிழ் நூலுக்கு அதில் 'டி', 'ஏ' என்ற இரண்டு ஆங்கில எழுத்தைச் சிறிய எழுத்தாகப் போடுங்கள். ஆங்கில ஆய்வேட்டில் தமிழ் நூலின் தலைப்பை ரோமன் எழுத்தில் தருபவருக்கு இது முக்கியம். எம்.எல்.ஏ., சிகாகோ நடைகள் ஆங்கிலத் தலைப்பின் சொற்களைப் பெரிய எழுத்தில் தொடங்க வைக்கும். மொழி ஆங்கிலம் அல்ல என்று சொல்லிவிட்டால் உங்கள் தலைப்பில் கை வைக்காது.

பதிப்புக்கும் மறுஅச்சுக்கும் உள்ள வித்தியாசத்தை மென்பொருள் சொல்லித்தராது. நீங்கள் பார்த்த பிரதியின் வருடம் 'டேட்' பெட்டிக்கு. முதலில் வந்த வருடத்தைக் காட்ட வேண்டுமானால் 'எக்ஸ்ட்ரா' பெட்டியில் ஆங்கிலத்தில் 'ஒரிஜினல் டேட்' என்று அடித்து முக்காற்புள்ளி வைத்து வருடத்தைப் போடலாம், ஏ.பி.ஏ. நடை இரண்டையும் சாய்கோடு போட்டுக் காட்டும். இன்னொன்று: ஏ.பி.ஏ. ஏழில் வெளியீட்டு ஊர் கிடையாது. 'சென்னை' என்று நீங்கள் ஏற்றியிருந்தாலும் பட்டியலில் வராது. அது பழுதல்ல, விதி. துறைக்கு ஊர் வேண்டுமென்றால் சிகாகோ 17ஆம் பதிப்பை எடுங்கள்.

சேலத்தைப் பற்றி எழுதுபவர் எல்லாரும் தொடும் இரண்டு பழைய நூல்களை வைத்து இதைச் சோதிப்பது நல்லது. ஒன்று லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு, 1883. மற்றது எஃப். ஜே. ரிச்சர்ட்ஸின் சேலம் கெஜட்டியர் (மாவட்ட விவரச் சுவடி), 1918. 'மெட்ராஸ் டிஸ்ட்ரிக்ட் கெஜட்டியர்ஸ்' வரிசை, அரசு அச்சகம், மெட்ராஸ். பின்னதில் முதல் தொகுதியே இரண்டு பாகமாக வந்தது. இணையக் காப்பகத்திலிருந்து கனெக்டரை அழுத்தி எடுத்தால் ஆசிரியர் இடத்தில் வேறு பெயரோ, வருடத்தில் ஸ்கேன் ஏற்றிய வருடமோ வந்து உட்கார வாய்ப்புண்டு. இப்போது விற்கும் மறுஅச்சுப் பிரதியை வைத்திருந்தால் அந்தப் பதிப்பகத்தின் வருடம் வந்து, நூறு வருடத்துக்கு முந்தைய புள்ளிவிவரம் நேற்று எடுத்தது போலத் தோன்றும். சரியான பதிவு இப்படி இருக்க வேண்டும்: தலைப்பில் வெறும் 'சேலம்', 'சீரீஸ்' பெட்டியில் வரிசையின் பெயர், 'வால்யூம்' பெட்டியில் தொகுதியோடு பாகமும், பாகம் விட்டுப்போனால் பக்க எண்ணை வைத்துக்கொண்டு தேடுபவர் தவறான புத்தகத்தைப் புரட்டுவார். ஊர் மெட்ராஸ் என்று அச்சில் இருந்தால் மெட்ராஸ்தான். சென்னை என்று நாம் திருத்தக் கூடாது.

மேற்கோள் விதிக்கு வெளியே ஒன்று சொல்லியாக வேண்டும். 1918இன் சேலம் மாவட்டம் இன்றைய சேலம் மாவட்டம் அல்ல. தருமபுரி 1965இல்தான் பிரிந்தது. அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல் பிரிந்தது. நாமக்கல் 1997இல் தனி மாவட்டமானது. கெஜட்டியரின் பரப்பளவையோ மக்கள்தொகையையோ எடுத்தாளும்போது அடிக்குறிப்பில் ஒரு வரி இதற்குச் செலவழிப்பது நியாயம். புறத்தேர்வாளர் கண்ணில் முதலில் படுவது இதுதான்.

ரிச்சர்ட்ஸ் வழியாக மட்டுமே லெ ஃபானுவைப் படித்திருந்தால் பட்டியலில் ரிச்சர்ட்ஸ் மட்டுமே வர வேண்டும். வேர்டில் 'ஆட் எடிட் சைட்டேஷன்' அழுத்தி ரிச்சர்ட்ஸைத் தேர்ந்தால் அவர் பெயர் ஒரு குமிழுக்குள் தெரியும், அந்தக் குமிழை ஒரு முறை தட்டினால், முன்னால் சேர்க்கும் சொல்லுக்கான 'பிரிஃபிக்ஸ்' பெட்டி திறக்கும். அதில் 'லெ ஃபானு, 1883, எடுத்தாளப்பட்டது:' என்று சேர்த்தால் வேலை முடிந்தது. பார்க்காத நூலைப் பட்டியலில் போட்டுக் கனம் கூட்டுவது நம் ஆய்வேடுகளின் தீராத வியாதி. அதற்கு மென்பொருளில் மருந்தில்லை.

அதே குமிழுக்குள் பக்க எண் பெட்டியும் இருக்கிறது. ஒவ்வொரு மேற்கோளுக்கும் அதை நீங்களேதான் நிரப்ப வேண்டும். சங்கப் பாடலுக்குப் பக்க எண்ணை விடப் பாடல் எண்ணே முக்கியம். அதியமானைப் பாடும் ஔவையாரின் நெல்லிக்கனிப் பாட்டு எந்த உரைப் பதிப்பில் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் புறநானூறு 91தான். கொல்லி ஓரியைப் பாடும் வன்பரணர் பாட்டு 152தான். பக்கம் என்ற தேர்வை விட்டுவிட்டு, பின்னால் சேர்க்கும் சொல்லுக்கான 'சஃபிக்ஸ்' பெட்டியில் 'பா. 91' என்று அடித்தால் 'பேஜ்' என்ற சொல் குறுக்கே வராது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின், பக்க எண்ணே இல்லாத மின்னூலுக்கும் இதே வழி. ஆனால் பாட வேறுபாட்டையோ உரையையோ பேசும் இடத்தில் எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று காட்டாமல் தப்பிக்க முடியாது.

ஸ்கேன் செய்த தமிழ் பி.டி.எஃப்.களை உள்ளே இழுத்துப் போட்டால் விவரம் தானாக வராது. வலப்பக்கச் சொடுக்கில் 'கிரியேட் பேரண்ட் ஐட்டம்' போய்க் கையால் ஏற்றுவதே வழி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தயாரான பி.டி.எஃப். என்றால் இன்னொரு வம்பு: திரையில் நல்ல தமிழாகத் தெரியும், மஞ்சள் பூசி, குறிப்பாக எடுத்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குவியும். அந்த மேற்கோளைக் கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்வதே பாதுகாப்பு.

எழுத்துருப் பிரச்சினை உண்மையில் வெடிப்பது டி.டி.பி. சென்டரில். தமிழக அரசு 2010லேயே யுனிகோடை ஏற்றுவிட்டது என்றாலும் பல கடைகளில் இன்னும் பாமினியும் வானவில்லும்தான் ஓடுகின்றன. ஜோட்டெரோ யுனிகோடு மட்டுமே பேசும். உடல் பாமினியிலும் அடிக்குறிப்பு யுனிகோடிலும் இருக்கும் கோப்பில் யாராவது எல்லாவற்றையும் தேர்ந்து எழுத்துருவை மாற்றினால் ஒரு பாதி குலைந்துவிடும். முதல் இயலிலிருந்தே முழுக் கோப்பும் யுனிகோடில் இருந்தால் மட்டுமே இந்த மென்பொருளைத் தொடுங்கள். ஏற்கெனவே நாலு இயல் பாமினியில் முடிந்துவிட்டதா? முதலில் எழுத்துரு மாற்றும் மென்பொருளால் யுனிகோடாக்கி, மெய்ப்புப் பார்த்துவிட்டு, அதன் பிறகு மேற்கோள்களைச் செருகுங்கள்.

யுனிகோடிலும் ஒரு சில்லறைத் தொல்லை உண்டு. பட்டியலில் ஆங்கில எழுத்து 12 அளவிலும் தமிழ் எழுத்து வேறு அளவிலும் வரும். வேர்டுக்குத் தமிழ் 'காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்' வகை. அதன் எழுத்துருவும் அளவும் தனிக் கணக்கு. 'ஸ்டைல்ஸ்' பட்டியலில் 'பிப்ளியோகிராஃபி' என்பதைத் திருத்தப் போய், எழுத்துருப் பெட்டியில் காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட் பகுதியையும் மாற்றுங்கள். பட்டியலைத் தேர்ந்து மேலே அளவை மாற்றினால் அடுத்த 'ரெஃப்ரெஷ்' அழுத்தியதும் பழையபடி ஆகிவிடும்.

குறிப்பைக் கையால் திருத்துவதும் அப்படியே. பாதியில் ஒரு கமாவை நீக்கினால், மாற்றியிருக்கிறீர்களே, வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். ஆம் என்றால் அந்தக் குறிப்பு இனிமேல் தானாகப் புதுப்பிக்கப்படாது. நடையை மாற்றினாலும் அது மட்டும் பழைய கோலத்தில் நிற்கும். திருத்தம் எப்போதும் ஜோட்டெரோவுக்குள். 250 பக்கம் தாண்டிய கோப்பில் ஒவ்வொரு மேற்கோளுக்கும் வேர்டு திணறினால் 'டாக்குமென்ட் பிரிஃபரன்சஸ்' போய்த் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டு, நாள் முடிவில் ஒரு முறை ரெஃப்ரெஷ் செய்தால் போதும்.

பெரிய குறை ஒன்று. தமிழ்த் துறைகளும் வரலாற்றுத் துறைகளும் முதன்மை ஆதாரம், துணைமை ஆதாரம், இதழ்கள், அச்சேறாத ஆய்வேடுகள், இணையம் என்று பிரித்துக் கேட்கும். ஜோட்டெரோ ஒரு கோப்புக்கு ஒரே பட்டியல்தான் தரும், தமிழும் ஆங்கிலமும் கலந்து. சுற்றுவழி உண்டு: ஆதார வகைக்கு ஒன்றாகக் 'கலெக்ஷன்' வைத்து, நூல்களை அதனதனில் இழுத்துப் போட்டு, கடைசியில் ஒவ்வொரு கலெக்ஷனுக்கும் வலப்பக்கச் சொடுக்கில் பட்டியல் எடுத்து வேர்டில் ஒட்டுவது. இப்படி ஒட்டிய பட்டியலுக்கும் உடலுக்கும் தொடர்பு இருக்காது. உடலில் இல்லாத நூல் பட்டியலிலும், பட்டியலில் இல்லாத நூல் உடலிலும் இருந்துவிடலாம். அதனால் இணைப்பு வழியாக வரும் கலப்புப் பட்டியலை ஒரு பிரதியில் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து டிக் அடித்துச் சரிபார்க்க வேண்டும். ஒரு மாலை நேர வேலை. தவிர்க்க முடியாது.

'மேலது', 'பக்.' பிரச்சினையும் இருக்கிறது. ஆங்கில அமைப்பில் ஓடும் நடை, 'மேலது' வர வேண்டிய இடத்தில் 'ஐபிட்', 'பக்.' இடத்தில் 'பிபி.', 'பிறரும்' இடத்தில் 'எட் ஆல்.' என்றே அச்சிடும். சிகாகோ 17 ஐபிட்டைத் தவிர்த்துச் சுருக்கக் குறிப்பையே விரும்புகிறது. நம் துறைகள் மேலது கேட்கின்றன. நடைக் கோப்பைத் திறந்து அந்தச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல்லை எழுதிச் சேமிக்க முடியும். கணினி அறிந்த நண்பர் இருந்தால் அதுவே சுத்தமான வழி. இல்லையென்றால் ஐபிட் வரும் நடையை வைத்துக்கொண்டு, கடைசிப் பிரதியில் தேடி மாற்றலாம். 'பிபி.' என்பதை மாற்றலாம், ஒற்றைப் 'பி.'யை மொத்தமாக மாற்றினால் பி. என்று தொடங்கும் ஆங்கிலத் தலைப்பெழுத்தெல்லாம் 'ப.' ஆகிவிடும்.

சேர்வராயன் மலையில் களப்பணி செய்பவருக்கு இது நன்றாகவே ஒத்துழைக்கும். எல்லாம் கணினியிலேயே இருப்பதால் ஏற்காட்டில் சிக்னல் போனாலும் வேலை நிற்காது. கூகுள் டாக்ஸில் எழுதுபவருக்கு மட்டும் நெட் வேண்டும். ஆய்வுக்காக மலைவாழ் மக்களிடம் எடுத்த நேர்காணலை ஏ.பி.ஏ. பட்டியலில் சேர்ப்பதில்லை, தனிப்பட்ட தகவல் என்றும் குறிப்பதில்லை, ஆய்வில் பங்கேற்றவர் சொன்னது என்று உரையிலேயே சொல்வதோடு சரி. தமிழ்த் துறையில் தகவலாளர் பட்டியல் பின்னிணைப்பாகப் போகும். அதைத் தனியாக ஒரு அட்டவணையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜோட்டெரோவில் திணிக்க வேண்டாம்.

ஆய்வேட்டின் எழுத்துத் திருட்டுச் சோதனையைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது, மேற்கோள் மென்பொருள் போட்டால் சதவீதம் குறையும் என்று. யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை ஒப்புமைக்குத் தண்டனையில்லை. 10க்கு மேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருடம் கொடுக்கவே முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆதாரம் காட்டிய மேற்கோளும் நூற்பட்டியலும் கணக்கில் வராது. ஆனால் பிறர் பத்தியை அப்படியே இறக்கி, மேற்கோள் குறி போடாமல், கடைசியில் அடைப்புக்குள் பெயரும் வருடமும் செருகுவது மேற்கோள் ஆகாது. ஜோட்டெரோ அந்த அடைப்பை அழகாக்கித் தரும், அவ்வளவே.

இலவசச் சேமிப்பு 300 எம்.பி.; கெஜட்டியர் போன்ற ஸ்கேன்கள் சில சேர்ந்தாலே நிரம்பிவிடும். இந்த அளவு பி.டி.எஃப்.களுக்கு மட்டும்தான், நூல் விவரங்களுக்கு வரம்பில்லை. செட்டிங்ஸில் ஃபைல் சிங்க்கை மட்டும் நிறுத்திவிட்டு விவரங்களை ஒத்திசைய விட்டால் காசு கொடுக்காமலே காலம் தள்ளலாம். பி.டி.எஃப்.களுக்கு, மென்பொருளை மூடிவிட்டு, கணினியில் 'ஜோட்டெரோ' என்றே பெயருள்ள முழு ஃபோல்டரையும் வாரம் ஒரு முறை பென் டிரைவில் நகலெடுங்கள். கடைக்கு அச்சுக்குப் போகும் நாளில் வேர்டு கோப்புக்கு இரண்டு பிரதி வேண்டும். மூலத்தைத் தொடாமல், நகலில் மட்டும் 'அன்லிங்க் சைட்டேஷன்ஸ்' அழுத்தி மேற்கோள்களைச் சாதாரண எழுத்தாக்கி, அதையும் அதன் பி.டி.எஃப்.பையும் சேர்த்துக் கொடுங்கள். வாய்மொழித் தேர்வுக்குப் பிறகு திருத்தம் வந்தால் மூலத்தில் செய்து புதிதாக ஒரு நகல் எடுக்க வேண்டும். அன்லிங்க் செய்த கோப்பை மறுபடி இணைக்க வழியில்லை.